இடது காலுக்கு வேலையில்லாத கார்

என் கணவரின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சீனி வருத்தம், நீரிழிவு. பெருவிரலில் வந்த ஒரு சின்னக் காயம் ஆறாமல் கறுத்து, பாதம் வரை ஏறி, ஒரு மாரி முடிவதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. அவர் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். கல்முனைக்கும் கொழும்புக்கும் இடையில் ஓடுகிற தனியார் பஸ். சத்திரசிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்ததும் போர்வையைக் கையால் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "கிளச் கால் போயிட்டு" என்றார். அவ்வளவுதான். அவர் அழவில்லை. நான்தான் அழுதேன், அதுவும் வார்டுக்கு வெளியே போய்.

வீட்டுக்கு வந்த பிறகு ஊரே வந்து பார்த்தது. நல்ல மனிதர்கள்தான், குறை சொல்லமாட்டேன். பிஸ்கட் பெட்டியும் தோடம்பழமும் கொண்டுவந்தார்கள். ஆனால் வந்தவர்களெல்லாம் அவரைப் பற்றி என்னிடம் கதைத்தார்கள். "சாப்பிடுறாரா?" "நித்திரை கொள்றாரா?" அவர் பக்கத்துக் கதிரையிலேயே உட்கார்ந்திருப்பார். காலைத்தான் வெட்டியிருந்தார்கள், காதையும் வாயையும் அல்ல. எழும்பிப் போகும்போது எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள்: "இனி என்ன, ஓடித் திரிஞ்சது போதும். வீட்டில இருந்து ஓய்வெடுக்கட்டும்." அவருக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. முதல் ஆள் சொன்னபோது ஆறுதலாக இருந்தது. ஐம்பதாவது ஆள் சொன்னபோது தீர்ப்புப் போலக் கேட்டது.

எங்களுக்கு ஒரே மகள். கணவனோடு கட்டாரில் இருக்கிறாள். நான் உப தபால் கந்தோரில் வேலை செய்கிறேன். காலையில் நான் போனால் பின்னேரம் வரை அவர் தனியேதான். ஊன்றுகோல் இரண்டோடும் முற்றம் வரை நடப்பார். செயற்கைக் கால் ஒன்று தந்திருந்தார்கள். அதைப் போட்டால் தோல் உரியும் என்று கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். ஒருமுறை கிளினிக்குக்கு ஓட்டோவில் போனபோது, ஓட்டோக்காரர் உதவி செய்கிற நினைப்பில் இவருடைய இரண்டு கக்கத்துக்குள்ளும் கையைக் கொடுத்து அரிசி மூட்டையைப் போலத் தூக்கி உள்ளே வைத்தார். அன்றைக்குப் பிறகு ஓட்டோ என்றாலே வேண்டாம் என்பார்.

எனக்கு ஒழுங்காகக் கோபம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. என் மூத்த காக்கா, கடை வைத்திருக்கிற பெரிய அண்ணன், ஜும்ஆவுக்கு வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். நான் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது என் கணவர் வாசல் கதிரையில் இருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சாரம், வெள்ளை ஷேர்ட், தொப்பி. அத்தர் வாசம் கேற் வரை வந்தது. ஊன்றுகோல் இரண்டும் மடியில் கிடந்தன. தொழுதுவிட்டு வருகிறவர்கள் தெருவால் போய்க்கொண்டிருந்தார்கள்.

"காக்கா வரல்லையா?" என்றேன்.

"மறந்திரிப்பார்."

"ஒரு போன் கோல் எடுத்திருக்கலாமே."

"எத்தின வெள்ளிக்கிழமைக்கு கோல் எடுக்கிற புள்ள?"

தொப்பியைக் கழற்றி நாலாக மடித்து மடியில் வைத்தார். நான் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடாமலே கந்தோருக்குத் திரும்பிப் போனேன். காக்கா கெட்டவர் அல்ல. கடையில் ஆள் நிறைந்திருக்கும், மறந்திருப்பார். ஒருவருடைய தொழுகை இன்னொருவருடைய ஞாபகத்தில் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது என்பதுதான் என் கோபம்.

அடுத்த கிழமை ஒரு மழை நாளில், எங்கள் கந்தோருக்கு வழக்கமாகப் பதிவுத் தபால் போட வருகிற ஒரு பெண் டொக்டர், கல்முனை பஸாருக்குப் போகிற வழியில் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். சின்னக் கார். நான் முன்னுக்கு உட்கார்ந்தேன். தண்ணீர் நின்ற இடங்களில் அவர் மெதுவாக ஓட்டும்போது குனிந்து அவருடைய காலைப் பார்த்தேன். வலது கால் அழுத்துவதும் எடுப்பதுமாக இருந்தது. இடது கால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

"டொக்டர், ஒங்கட இடது கால் ஒண்டும் செய்யல்லையே?"

அவர் சிரித்தார். "இது ஒட்டோமெட்டிக். கிளச் இல்ல. அந்தக் காலுக்கு வேலையே இல்ல."

"அப்ப இடது கால் இல்லாத ஒருத்தர் ஓட்டலாமா?"

என் வீட்டு நிலைமை அவருக்குத் தெரியும். "மெடிக்கல் எடுக்கோணும். லைசன்ஸ மாத்தோணும். அதெல்லாம் செஞ்சா, ஏன் ஓட்ட ஏலாது?"

பஸாரில் இறங்கி என்ன வாங்கினேன் என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகமில்லை. "ஏன் ஓட்ட ஏலாது" என்ற கேள்வியை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அவரிடம் சொன்னேன். "தெரியும்" என்றார்.

"தெரிஞ்சா ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"சொன்னா வாங்கவா போறம்? அதோட அது பொம்புளைக் கார்."

"நல்லதாப் போச்சு. பொம்புளைதான் வாங்கப் போறா" என்றேன்.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

எங்கள் பக்கத்தில் வீடும் காணியும் பெண்பிள்ளைக்குத்தான். சாகாமத்துப் பக்கம் எனக்குச் சீதனமாக வந்த வயல் துண்டு ஒன்று குத்தகையில் இருந்தது. செய்கிறவரே வாங்கிக்கொள்ளப் பலமுறை கேட்டிருந்தார். நான் அதை விற்கப் போகிறேன் என்று தெரிந்த அன்று பின்னேரமே காக்கா வந்துவிட்டார்.

"தங்கச்சி, ஒனக்கு என்ன பைத்தியமா? காணிய வித்துக் கார் வாங்கிற ஆக்கள் எங்க இரிக்காங்க? காணி நாளைக்கும் இரிக்கும். கார் பத்து வருசத்தில பழைய இரும்பு."

"பத்து வருசம் அவர் தன்ட பாட்டில போய் வந்தா எனக்குப் போதும் காக்கா."

"கூட்டிப் போக நாங்க இல்லையா?"

அந்த வெள்ளிக்கிழமை தொண்டை வரை வந்தது. அறைக்குள் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். விழுங்கிவிட்டேன். "இரிக்கீங்க. ஆனா அவர் ஏத்தி இறக்கிற சாமான் இல்ல" என்றேன்.

"கால் இல்லாத மனுசனக் கார் ஓட விட்டா ஊர் என்ன சொல்லும்?"

"நான் கந்தோரில நாள் முழுக்க ஊர் சொல்றதத்தான் கேட்டுக்கொண்டு இரிக்கன். இன்னும் கொஞ்சம் கேக்கிறதில என்ன?"

உறவுக்காரப் பெரியவர் ஒருவரும் வந்து, அல்லாஹ் தந்த சோதனையில் சபூர் செய்ய வேண்டும், பொறுமையாக இருக்க வேண்டும் என்றார். மரியாதையோடு தேநீர் கொடுத்துவிட்டுக் கேட்டேன்: "பள்ளிக்குப் போறதுக்கு வாகனம் தேடுறது சபூருக்கு மாத்தமா மாமா?" அவர் தேநீரைக் குடித்து முடித்தார். காணி கைமாறியது.

எனக்குக் கார்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எனக்கு ஒரு கவுண்டர் இருந்தது. தபால் கந்தோருக்கு வராத ஆள் ஊரில் இல்லை. பயன்படாத படிவங்களின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். முத்திரை ஒட்ட வந்தவரிடமும் பொதி எடுக்க வந்தவரிடமும் கேட்டேன்: என்ன கார்? எத்தனை வருசமாக ஓடுகிறீர்கள்? முதலில் எது பழுதானது? சாமான் கல்முனையில் எடுக்கலாமா, கொழும்புக்குத்தான் போக வேண்டுமா? குடும்பச் சங்கதியைக் கேட்டால் தயங்குகிறவர்கள்கூட, காரின் வருத்தத்தைப் பற்றிக் கேட்டால் நிற்காமல் கதைக்கிறார்கள் என்று அப்போதுதான் கண்டேன்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் பாண்டிருப்பில் கராஜ் வைத்திருக்கிற மெக்கானிக். எனக்குப் பாடம் எடுத்தவர் அவர்தான். எஞ்சின் சூடாவதற்கு முதல், காலையிலேயே போய்ப் பார்க்க வேண்டும். போனதும் எஞ்சினை மூடியிருக்கிற பொனற்றில் கையை வைக்க வேண்டும். சூடாக இருந்தால் நமக்கு முன்னமே ஸ்டார்ட் பண்ணி எதையோ மறைக்கிறார்கள். கியர் எண்ணெய் சிவப்பாக இருக்க வேண்டும், கருகின மணம் வரக் கூடாது. சீற் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்க வேண்டும், வெள்ளத்தில் நின்ற கார் என்றால் அங்கே சேறு பிடித்திருக்கும், அதைக் கழுவ யாருக்கும் ஞாபகம் வராது. "நம்மட ஊருல கடல் காத்து அடியில இருந்துதான் தின்னும் அக்கா. நிண்டு பாத்தா வடிவா இரிக்கிற கார விடுங்க. படுத்து அடியப் பாத்தா வடிவா இரிக்கிற காரத் தேடுங்க" என்றார்.

வெளிநாட்டுக் கார்கள் வருவது நின்றுபோயிருந்த வருசங்கள் அவை. பழைய கார்களுக்கே புதுக் காரின் மிடுக்கு வந்திருந்தது. முதலில் காக்கா ஒரு ஹைபிரிட் காரைச் சொன்னார். அவருடைய சிநேகிதருடையது, பளபளப்பு, எண்ணெய் குறைவாகக் குடிக்கும். பெரிய பற்றரி பழுதானால் என்ன செய்வது என்று கேட்டேன். "அது அந்த நேரம் பாப்பம்" என்றார். அந்த நேரம் பார்ப்பதற்கு என்னிடம் இன்னொரு காணி இல்லை. வேண்டாம் என்றேன். காக்கா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

இரண்டாவது, தெற்குப் பக்கம், பழைய கார்கள் விற்கிற ஒரு கார் சேலில். பெண்பிள்ளை தனியே போகக் கூடாது என்று காக்காவும் வந்தார். விற்கிறவர் என்னைப் பார்க்கவே இல்லை. நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் காக்காவின் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். கடைசியில் காக்காவிடம், "ஒங்கட தங்கச்சிக்கு என்ன கலர் விருப்பம்?" என்று கேட்டார். நான் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து சீற் பெல்ட்டை இழுத்தேன். இழுக்க இழுக்க வந்தது. கடைசி முழத்தில் மண்ணிறக் கோடு. விரலால் தேய்த்தேன், தூள் வந்தது. காலடி விரிப்பைத் தூக்கினேன். பொடிச் சேறு காய்ந்து ஒட்டிக்கிடந்தது.

"கலர் இருக்கட்டும். இந்தக் கார் எந்த வெள்ளத்தில நிண்டது?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அந்த மனிதர் என்னை முதல்முறையாகப் பார்த்தார். வாகனம் தன்னிடம் வந்தபோதே அப்படித்தான் என்று ஏதோ முணுமுணுத்தார். திரும்பி வரும்போது காரைதீவு தாண்டியதும் காக்கா மெல்லக் கேட்டார்: "பெல்ட்ட இழுத்துப் பாக்க ஒனக்கு யாரு சொல்லித் தந்த?" அதற்குப் பிறகு பழைய இரும்பு என்ற சொல்லை அவர் பாவிக்கவில்லை.

மூன்றாவது கார் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஜப்பான் கார், ஒரு வங்கி உத்தியோகத்தருடையது. அடிப்பக்கம் சுத்தம், எண்ணெய் சிவப்பு, பெல்ட் வெள்ளை. விலையும் என் கைக்குள் நின்றது. போனில் நிறையப் படம் எடுத்துக்கொண்டு வந்து, அவர் பார்க்கமாட்டார் என்று தெரிந்தும், கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் போனை வைத்துவிட்டுச் சோறு போடப் போனேன். திரும்பி வந்தபோது போன் அவர் கையில் இருந்தது. ஒரு படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது சரிவராது" என்றார்.

"ஏன்? எல்லாம் பாத்திட்டனே."

"இஞ்ச பாரு. நடுவுல கை பிரேக் இல்ல. கீழ, இடது பக்கத்தில ஒரு சின்ன மிதி இரிக்கி. பார்க்கிங் பிரேக்க இடது காலால மிதிக்கோணும். நிப்பாட்டி வைக்க நான் ஒவ்வொரு தரமும் ஒன்னக் கூப்பிடவா?"

அந்த மிதியை நான் கவனிக்கவே இல்லை. மெக்கானிக்கும் சொல்லவில்லை. ஆனால் நான் அதற்காகக் கவலைப்படவில்லை. மாதக்கணக்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் ஒரு காரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் பழைய அதிகாரம் இருந்தது. சோற்றுப் பீங்கானை வைத்துவிட்டு, "அப்ப அடுத்தத நீங்களே வந்து பாருங்க" என்றேன். "சீற் ஒசரம் முக்கியம். தாழ்வா இருந்தா எழும்ப ஏலாது. கதவு அகலமாத் திறக்கோணும். கம்பு ரெண்டும் வைக்க இடம் வேணும்" என்றார். நான் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

நாலாவது கார் திருக்கோவிலில் கிடைத்தது. வயல் செய்கிற ஒருவருடையது. மகள் ஓட்டிய கார், மகள் வெளிநாடு போய்விட்டாள். பழையதுதான். கூரையில் பெயின்ற் மங்கி, முன் பம்பரில் ஒரு கீறல். சின்ன எஞ்சின், நாலு கியர் பழைய ஒட்டோமெட்டிக், பற்றரிச் சங்கடம் ஒன்றும் இல்லாதது. காக்காவின் வேனில் நாங்கள் மூவரும் மெக்கானிக்கும் காலையிலேயே போனோம். பொனற் குளிர்ந்திருந்தது. மெக்கானிக் சாக்கை விரித்து அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, எழும்பாமலேயே, "வடிவு" என்றார்.

என் கணவர் கதவைத் திறந்து, முதுகைத் திருப்பி சீற்றில் உட்கார்ந்து, உடம்பைச் சுழற்றி உள்ளே வந்தார். யாரும் தூக்கவில்லை. காக்கா கையை நீட்டப் போனார், நான் கண்ணால் தடுத்தேன். ஊன்றுகோல்கள் பக்கத்துச் சீற்றில் சரிந்து நின்றன. நடுவில் கை பிரேக் இருந்தது. அதை இரண்டு முறை இழுத்து விட்டுப் பார்த்தார்.

"காக்கா, வளவுக்குப் பின்னால களவெட்டி காலியாத்தான் கிடக்கு. ஒரு சுத்துச் சுத்திப் பாருங்களன்" என்று கார்ச் சொந்தக்காரர் என் கணவரிடம் சொன்னார்.

அறுவடை முடிந்து சூடு அடித்த களம், கட்டாந்தரையாக விரிந்து கிடந்தது. கார் மெதுவாக நகர்ந்தது. பாதித் தூரம் போனதும் சட்டென்று நின்றது. நான் ஓடினேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தார். இடது தொடை மேலே எழும்பி நின்றது.

"பிரேக்க அழுத்தினதும் இது தானா எழும்புது புள்ள. இல்லாத காலால கிளச் மிதிக்கன்."

சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். "மிதிங்க, யாரு வேணாம் என்ட?" என்றேன். மறுபடி நகர்ந்தார். இரண்டாம் சுற்றில் தொடை அடங்கிவிட்டது. மூன்றாம் சுற்றில் கொக்குகள் எழும்பி வரப்புக்குப் போயின. பிறகு பின்னால் எடுத்து வைக்கோல் போருக்கும் வேலிக்கும் நடுவில் இருந்த இடுக்கில், கண்ணாடியை மட்டும் பார்த்து, காரைச் செருகி நிறுத்தினார். கார்ச் சொந்தக்காரர் கை தட்டினார். ஏசி சரியாகக் குளிராது, ஹோர்ன் சில நேரம் ஒட்டிக்கொள்ளும் என்று அவராகவே சொன்னார். குறையைச் சொல்லி விற்கிற மனிதரிடம் நாங்கள் அதிகம் பேரம் பேசவில்லை.

லைசன்ஸ் மாற்றுவதற்குக் கொஞ்சம் அலைந்தோம். முதல் நாள் இருந்த உத்தியோகத்தர் ஊன்றுகோலைப் பார்த்துவிட்டு, "யாருக்கு?" என்று என்னைக் கேட்டார். "ஓட்டப் போறவர் அவர். அவரக் கேளுங்க" என்றேன். பரிசோதித்த வைத்தியர் நல்லவர். வலது காலின் பலம், கண், கை எல்லாம் பார்த்து, ஒட்டோமெட்டிக் வாகனம் மட்டும் என்று எழுதித் தந்தார். ஓட்டிக் காட்டச் சொன்ன நாளில் பரிசோதகர், எத்தனை வருடம் ஓட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டார். இருபத்தாறு என்றதும், பின்னுக்கு எடுக்கச் சொல்லாமலே இறங்கிவிட்டார். என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. "கூப்பிடுங்க, பின்னுக்கு எடுத்துக் காட்டாம நான் போகமாட்டன்" என்று அடம்பிடித்து, எடுத்துக் காட்டிவிட்டுத்தான் வந்தார்.

கார் வந்து இரண்டு மாதமிருக்கும். ஒரு லீவு நாள் காலையில் நான் துணி காயப் போட்டுவிட்டு முன்னுக்கு வந்தேன். காரைக் காணோம். அவரையும் காணோம். கட்டிலுக்கு அடியில் கிடந்த செயற்கைக் காலையும் காணோம். போன் அடித்தேன், எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு மச்சி மதிலால் எட்டிப் பார்த்து, "தனியப் போக விட்டிரிக்காயே, ஒனக்குப் பயமில்லையாகா?" என்றாள்.

"பயம்தான். பயந்துகொண்டுதான் விடுறன்" என்றேன்.

ஒன்றரை மணித்தியாலம் கழித்து வந்தார். முன் கண்ணாடியெல்லாம் உப்புப் படிந்திருந்தது. பக்கத்துச் சீற்றில் ஒரு பையில் பாரைக்குட்டி, இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. பெரியநீலாவணைக் கரைக்குப் போய், வலை இழுத்து முடியும் வரை நின்று வாங்கினாராம். சந்தையில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கிற மீன். நான் ஏசினேன். நன்றாக, தெருவுக்குக் கேட்க ஏசினேன். போனை எடுக்காததற்கும், சொல்லாமல் போனதற்கும், சீற்றெல்லாம் மீன் தண்ணீர் ஆனதற்கும்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கதவைப் பிடித்து, செயற்கைக் காலை ஊன்றி எழும்பினார். "கத்தி எங்க? நானே வெட்டித் தாறன்" என்றார். நான் கத்தியை எடுத்துவரப் போனேன். அவர் வாளித் தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டு முதலில் காரைத்தான் கழுவத் தொடங்கினார்.